ரோமில் இறங்காத பயணம்

ரோமுக்கு வெகு தெற்கே, எங்கள் நகரத்தின் வியா மக்வேதா தெரு நெரிசலில் பஸ் நகராமல் நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் யாழ்ப்பாணத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊராப் பார்த்துத்தான் ரிக்கெற் எடுத்தனான்" என்றார் கணவர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கலியாணம் கட்டி இருபத்தைஞ்சு வருசம் எண்டு ஊர் சுத்தப் போறம். தெரிஞ்ச ஆக்கள் இல்லாட்டி எங்கை தங்கிறது?"

"ஹோட்டல்லை. முதல் சாய்ஞ்ச கோபுரம் இருக்கிற பீசா, பிறகு பக்கத்திலை லூக்கா நகரம், கடைசியாக் கடற்கரை. நெடுக நீர் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை கட்டிலை விரிக்கிறீர். அங்கை ஆரும் உமக்கு விரிச்சு வைக்கட்டும்."

அந்த அம்மா மடியிலிருந்த மீன் பையை இறுக்கிப் பிடித்தார்.

"ரயில் ரோமாலைதானே போகும். உங்கடை அக்கா வீட்டை எட்டிப் பார்க்காட்டி என்ன கதைப்பினம்?"

"போனமுறையும் எட்டிப் பார்க்கத்தான் போனனாங்கள். ஒரு கிழமை நிண்டு, நீர் ரோமிலை பார்த்தது அக்காவின்ரை குசினி மட்டும்தான்."

சொந்த அக்காவைப் பற்றி இப்படிச் சொல்லும் ஆம்பிளையை எங்கள் ஆட்களுக்குள் நான் கண்டதேயில்லை.

"அவ்வளவு சனம் வந்து போற வீடு. ஆரோ சமைக்கத்தானே வேணும்."

"இந்தமுறை நாங்கள் ரோமிலை இறங்கப்போறேல்லை. அக்காவுக்குச் சொல்லவும் இல்லை."

பஸ் மெல்ல நகர்ந்தது. அந்த அம்மா மீன் பையைக் காலடியில் இறக்கி வைத்தார்.

"அப்ப ரோம் வரேக்கை என்னை எழுப்பாதேங்கோ" என்றார். "முழிச்சிருந்தால் நான் இறங்கிப்போடுவன்."