மடியில் தெரிந்த எதிர்காலம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், டியூஷனுக்குப் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் என் முன்சீட்டில் இருந்தார்கள். போனைப் பார்ப்பதுபோல் நடித்து ஒட்டுக்கேட்பதில் நான் கெட்டிக்காரன். வேறு கெட்டித்தனம் கிடையாது.

"எங்கட கிளாசுக்கு வாற அவன்ட பேக்கை மடியில வைச்சாலே எனக்கு நடக்கப்போறது தெரியுதடி," என்றாள் நடைபாதைப் பக்கம் இருந்த ஷெரின்.

நெரிசலில் நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பஸ் வழக்கம்.

"என்ன தெரிஞ்சது?" என்றாள் தோழி நிலூ.

"போன கிழமை மழை வருமெண்டு தெரிஞ்சது. வந்ததுதானே!"

"பேக்கில குடை இருந்திருக்கும்."

"சிரியாத. இண்டைக்கும் என்னட்டத்தான் பேக்கைத் தருவான் எண்டும் தெரிஞ்சது. தந்தானெண்டா அவனுக்கும் என்னில விருப்பம்."

"லூசு! இண்டைக்குக் கடைசி கிளாஸ், பஸ்ஸும் காலி. சீட் இருக்கேக்க ஆரடி பேக் தாறது?"

ஷெரினின் குரல் இறங்கியது. "அப்ப எல்லாம் பொய்யாப் போயிடுமா?"

மருதானையில் அவன் ஏறினான்; ஷெரின் சட்டென்று நிமிர்ந்ததிலேயே ஆளைத் தெரிந்துகொண்டேன். நல்லது செய்கிற நினைப்பில் தொப்பையை உள்ளிழுத்து, பக்கத்தில் இடம் விட்டேன். விதியைக் கெடுக்கப் பார்க்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, அவன் என்னைக் கவனிக்கவேயில்லை. காலி சீட்டுகளையெல்லாம் தாண்டி வந்து, ஷெரினுக்கு அருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதைக் கொஞ்சம் வைச்சிருக்கிறீங்களா?"

நிலூ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மல்லி, இவ்வளவு சீட் இருக்கே, இருங்க!" என்றார் கொண்டக்டர், சிங்களத்தில் தம்பி என்று அழைத்து.

"பரவாயில்லை அய்யே, இப்ப இறங்கிடுவன்."

வெள்ளவத்தை வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.