டைம் கீப்பருக்கு வச்ச பரஸ்தானம்

...இவ்வளவு நேரமா நானும் "முன்னெச்சரிக்கை, முன்னெச்சரிக்கை"ன்னு கத்திக்கிட்டு இருக்கேன். மூணாவது வரிசையில அந்த அண்ணன் கொட்டாவி விட்டே எனக்குப் பதில் சொல்லிட்டாரு. சரி... பேச்ச ஓரமா வைப்போம். சின்னதா ஒரு கதை சொல்லட்டுமா? ஆங்... கதைன்னதும் எப்படி நிமிந்து உக்கார்றாரு பாருங்க!

நம்ம கடலூர் மாவட்டத்துலதான், கெடிலத்துக்குப் பக்கமா ஒரு தெரு. அங்க கலியமூர்த்தின்னு ஒருத்தர். பஸ் ஸ்டாண்டுல முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர். ஒரு பஸ்ஸு ரெண்டு நிமிஷம் லேட்டா கிளம்புனா டிரைவரோட பரம்பரையையே விசாரிப்பாரு. ரிட்டையர் ஆயிட்டாரு... இப்ப பஸ் இல்லையே, என்ன பண்ணுவாரு? வீட்டையே பஸ் ஸ்டாண்ட் ஆக்கிட்டாரு! செவுத்துல தேதி காலண்டர். ராகு காலம், எமகண்டம், சூலம்... எல்லாம் பாக்காம வாசப்படி தாண்ட மாட்டாரு. கறிவேப்பிலை வாங்கப் போறதுக்குக் கூட!

சிரிக்காதீங்கம்மா. நானும் பாக்குறவதான். இந்த மேடையில கூட நேரம் பாத்துட்டுத்தான் ஏறுனேன்.

அவருக்குச் சக்கரை. ரெண்டு வேளையும் இன்சுலின் ஊசி. மகன் நெய்வேலியில ஷிப்ட் வேலை. வீட்டுல அவரும் மருமக தில்லைநாயகியும்தான். நான் சொல்லப்போற வெள்ளத்துக்கு முந்துன வெள்ளத்துல என்ன ஆச்சு தெரியுமா? ஃபிரிட்ஜ் முங்கிப்போச்சு, இன்சுலின் போச்சு. ஒன்றரை நாள் மருந்து இல்லாம மனுஷன் நினைவு தப்பிட்டாரு. அவரத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு அழுத அழுகை... அந்தப் பயம் அவளுக்குப் போகவே இல்ல.

இப்ப வருது செவ்வாய்க்கிழமை. மூணு நாளா மழை. மத்தியானம் மூணு மணிக்கு ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு வர்றாங்க. "ஏரி நிரம்பிடுச்சு... எல்லாரும் வடக்க மேட்டுத் தெருவுக்குப் போயிடுங்க!" தெருவே ஓடுது.

நம்மாளு காலண்டரப் பாக்குறாரு.

"நாயகி... மூணுலேர்ந்து நாலரை ராகு காலம்மா. நாலரைக்குக் கிளம்புவோம்."

"மாமா, தண்ணி நாலரைக்கு வர்றேன்னு சொல்லலையே!"

கேப்பாரா? தண்ணி வாசல்ல வந்துச்சு... கட்டில் மேல உக்காந்தாரு. கட்டில நனைச்சுச்சு... மேசை மேல ஏறுனாரு. மேசைக் காலும் முங்குது... மேசை மேல நாற்காலிய போட்டு அதுல உக்காந்துட்டாரு! தண்ணி ஏற ஏற இவரும் ஏறுறாரு! கையில என்ன? காலண்டர்!

"இன்னொண்ணும் இருக்கும்மா... செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். போறதுன்னா ஒரு வாய் பால் குடிச்சிட்டுத்தான் போகணும்."

"பாலா? அதோ பாருங்க மாமா, பால் பாக்கெட்டு நமக்கு முன்னாடி மிதந்து போவுது!"

சிரிப்பா இருக்குல்ல? அவளுக்குச் சிரிப்பு வரல. ஃபிரிட்ஜ் சாஞ்சிடுச்சு. உள்ள இருந்த மருந்து மறுபடியும் போச்சு. சாயங்கால ஊசிக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு அவ சொன்னா பாருங்க...

"மாமா, நீங்க ஞாயித்துக்கிழமையே கிளம்பிட்டீங்க."

"என்னம்மா உளர்ற? இங்கதானே இருக்கேன்!"

"உங்களுக்குப் பரஸ்தானம் வச்சாச்சு மாமா!"

பரஸ்தானம் தெரியும்ல? போற அன்னிக்கு நேரம் சரியில்லன்னா, முன்னாடியே ஒரு நல்ல நேரத்துல நம்ம பைய வேற ஒருத்தர் வீட்டுல கொண்டுபோய் வச்சிடுவோம். பை போயிட்டா ஆளே கிளம்பிட்டதா கணக்கு. மழை அறிக்கை வந்த ஞாயித்துக்கிழமை காலையிலயே, தில்லைநாயகி அவரு பைய மேட்டுத் தெரு ஜெசிந்தா டீச்சர் வீட்டு மாடியில வச்சிட்டு வந்துட்டா. டார்ச், பிஸ்கட்டு, தண்ணி, ரேஷன் கார்டு, இவரோட வேட்டி. டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜுல ஒரு இன்சுலின்.

மனுஷன் விடுவாரா? சட்டம் பேசுறாரு. "பரஸ்தானம் வச்சா மூணு நாளைக்குள்ள கிளம்பணுமே!"

"ஞாயிறு, திங்கள், செவ்வாய்... இன்னிக்கோட முடியுது மாமா!"

நாற்காலி மேல விரல் விட்டு எண்ணுறாரு. ஒருதடவை... ரெண்டுதடவை... முகம் மாறிப்போச்சு.

"அடியம்மா... அப்ப நான் ரெண்டு நாள் லேட்டா!"

குதிச்சாரு பாருங்க தண்ணியில! முப்பத்தோரு வருஷத்துல ஒரு பஸ்ஸக் கூட லேட்டா விடாத மனுஷன்! "வாம்மா, வாம்மா, என்ன நின்னுக்கிட்டு இருக்க!"ன்னு மருமகள அதட்டுறாரு! அவ கையப் புடிச்சிக்கிட்டு நெஞ்சளவு தண்ணியில தடவித் தடவி மேட்டுக்கு ஏறிட்டாங்க. சரியா ஆறு மணிக்கு ஜெசிந்தா டீச்சர் வீட்டுல ஊசி போட்டாச்சு. அவரு டீ கேட்டாரு. சக்கரை இல்லாம. தில்லைநாயகி அப்பத்தான் சுவத்துல சாஞ்சு உக்காந்து, சத்தமா அழுதா. அவரு அவ தலையில கை வச்சு, "நீ இல்லேன்னா நான் போய்ச் சேந்திருப்பேம்மா"ன்னாரு.

இப்ப சொல்லுங்க... அவரக் காப்பாத்துனது யாரு? படகு வந்துச்சா? ஹெலிகாப்டர் வந்துச்சா? ஒரு பை! வெள்ளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வீட்ட விட்டுக் கிளம்புன ஒரு பை! நம்ம மாவட்டத்துக்குப் புயலும் வெள்ளமும் புதுசா? வரும். தண்ணி வந்தப்புறம் மாத்திரைய எங்க தேடுவீங்க? பத்திரத்த எங்க தேடுவீங்க? உங்க பை எந்த மேட்டு வீட்டுல இருக்கு? கேக்குறேன்ல... ஏன் எல்லாரும் தரையப் பாக்குறீங்க?

வீட்டுக்குப் போனதும் எடுத்து வைங்க. யாரும் என்கிட்ட வந்து "நல்ல நேரம் எப்பம்மா"ன்னு கேக்காதீங்க. ஜன்னல் வழியா வெளிய பாருங்க... வெயில் அடிக்குது. இதான் நல்ல நேரம். எழுந்திரிங்க!