தகரச் சத்தம்

"அம்மா, டேம்பர மூடுனா பொகை எங்க போவும்? இந்த ரூமுக்குள்ளதான்..."

"சகாயராஜு, அந்தப் புள்ள கேட் வாசலுக்கு வந்தாச்சு..."

"...தீய அணைச்சிருதேன்மா. அவுக போன பொறவு பத்த வச்சுக்கிடலாம்."

"அணைச்சா நீராவி நின்னுபோயிருமில்ல? மிஷின்ல நேவி ப்ளூ பாதி வெந்துட்டிருக்குது. துணி பட்டை பட்டையா நிக்கும் கண்ணு. போன தடவ மாதிரி செத்த நேரம் பொறுத்துக்க."

அவ்வளவுதான் ஐயா எங்கள் சண்டை. சகாயராஜ் பாய்லர் ஆபரேட்டர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவனை நான் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன். சாயப்பட்டறையில் யாரையும் நான் அதட்டியதில்லை, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இப்போது சாயம் மட்டும் பார்ப்பதில்லை. என்ன எரிக்கிறோம், அதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு போகிறது என்று ஆளனுப்பிக் கணக்கெடுக்கிறார்கள். நிலக்கரியை விட்டுவிட்டோம், எல்லாம் கேஸ் பாய்லர்தான் என்று சொல்லி வைத்திருந்தோம். கேஸ் பாய்லர் வாங்கியது நிஜம். அது ஒன்றால் அத்தனை மிஷினுக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் பழைய நிலக்கரிப் பாய்லரும் ஓடியது. ஆள் வருகிற அன்று மட்டும், புகை வெளியே தெரியாமல் புகைபோக்கியின் அடைப்பை, அதுதான் டேம்பரை, இழுத்து மூடுவோம். அந்தப் பாய்லர் ரூம் கதவில் 'பழைய சாமான்' என்று பலகை தொங்கும். பூட்டு வெளியே. தண்ணீர் மட்டம் பார்க்க ஒருவன் உள்ளே இருந்தாக வேண்டும். போன தடவை சகாயராஜ் இருமிக்கொண்டே வெளியே வந்தான், மோர் குடித்தான், சிரித்தான்.

இந்தத் தடவை வந்தவள் வேல்விழி. சின்னப் பெண், பொறுமையாக வேலை பார்க்கிறவள். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து கேஸ் பில்லை எல்லாம் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு இடிக்கிற மாதிரி. கரி அள்ளும் சட்டியாக இருக்க வேண்டும்.

"என்னம்மா சத்தம்?"

"தகரம் கண்ணு. காத்துக்கு அடிச்சுக்குது."

அவள் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தாள். ஓர் இலை அசையவில்லை.

"ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேனே?"

"மொதல்ல ஒருவாய் சாப்புடுங்க. நம்மூட்டுச் சோறு. ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது."

வந்தவர்களைப் பட்டினியாக அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. இலை போட்டேன். முருங்கைக்காய்ச் சாம்பார். பிறகு ரசம். ரசத்தின்போது சத்தம் இரும்பிலிருந்து கைக்கு மாறியிருந்தது. வெறும் கையால் தட்டினால் வேறு மாதிரிக் கேட்கும். தயிருக்கு வரும்போது விட்டு விட்டுக் கேட்டது.

"போதும்மா, வயிறு நிறைஞ்சிருச்சு."

"அட, சாப்புடற வயசுங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தேன். பாவம், மறுக்கத் தெரியாத பெண். சத்தம் முழுசாக அடங்கிய பிறகுதான் கை கழுவத் தண்ணீர் கொடுத்தேன்.

"உங்க யூனிட்ல கார்பன் நல்லா குறைஞ்சிருக்குங்கம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். அவனைக் கொன்றது கார்பன் மோனாக்சைடாம். வேல்விழி கணக்கெடுக்க வந்தது வேறு வாயு. அந்த வகையில் அவளிடம் நான் எதையும் மறைத்ததாக ஆகாது.

என் மகன் தரணீதரன் விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறான். தாயின் மேல் பாசம். அது சரியில்லை ஐயா. சாவி என் இடுப்பில் இருந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. யார் தட்டுவது, எதற்குத் தட்டுகிறான் என்று தெரிந்துதான் பரிமாறினேன். திறந்திருந்தால் ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கும். சகாயராஜின் பெண்டாட்டி விஜயராணியும் அந்த ஆர்டரில்தான் செக்கிங் பார்க்கிறாள். அவளையும் நினைத்துத்தான் செய்தேன்.

அதோ, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தானே? முகமே வாடிக் கிடக்கிறது. ஒரு நிமிஷம், ஐயா.

"விஜயராணி, காத்தாலருந்து ஏதாச்சும் சாப்புட்டயா கண்ணு?"