ஆயில் நானே ஊற்றியது

சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தலாமா? ரோட்டில் போகிற வண்டிச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. வேன் சத்தம் வந்தால், அது தாண்டிப் போகும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

தொண்ணூற்றிரண்டில் அருப்புக்கோட்டையில் வேன் கம்பெனியின் சர்வீஸ் ஸ்டேஷன் திறந்ததிலிருந்து நான்தான் தலைமை மெக்கானிக். அந்த வேன்களில் ஆயில் பம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். லட்சம் கிலோமீட்டர் தாங்க வேண்டியது இருபதாயிரத்திலேயே போய்விடும். பிறகு ஆயில் மேலே ஏறாது, ஓட்டத்திலேயே இன்ஜின் இறுகி நின்றுவிடும். பம்புதான் கோளாறு என்று ஆறு வண்டிகளுக்குக் கம்பெனிக்கு எழுதினேன். ஓர் அதிகாரி வந்து தோளில் கைபோட்டு, "இம்மானுவேல், நம்ம பம்பு மேல பழி வராம பாத்துக்கங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதன்பின், இறுகி வருகிற வண்டியில் இருக்கும் நல்ல ஆயிலை வடித்துவிட்டு, கழித்த கறுப்பு ஆயிலை ஊற்றி வைப்பேன். வண்டிக்காரர் ஆயில் மாற்றவில்லை என்று ஆகிவிடும். வாரண்டியும் கிடையாது.

பொறுங்கள். லாரிதான்.

திருச்சுழி ஜோதிலிங்கம் தன் வேனைப் பிள்ளைபோல வைத்திருந்தவர். ஆயிலை நாள் தவறாமல் மாற்றுவார். இரண்டு மாதம் முன்பு மனைவி பஞ்சம்மாளுக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தார். வேலிக்கருவை முள்செடி தவிர ஒன்றுமில்லாத இடத்தில் இன்ஜின் இறுகிவிட்டது. பஸ் வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டது. வண்டியை என்னிடம் இழுத்து வந்து விட்டார்கள். வழக்கம்போல ஆயிலை மாற்றி வைத்தேன்.

காரியம் முடிந்து, மகன் கணேஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வண்டியக் கவனிக்காம ஆத்தாளக் கொன்னுட்டேன்னு பய முகங்குடுத்துப் பேச மாட்டேங்கிறான், தம்பி. ஆயிலு நல்லாத்தான் இருந்துச்சுன்னு இவன்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

நான் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி மகன் கையில் கொடுத்தேன். தார் மாதிரி இருந்தது. ஜோதிலிங்கம் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மாத்துனேனே... மாத்தலையோ?"

எனக்குப் பாவமாகிவிட்டது. "வயசான மறதி வரத்தான் செய்யும், அண்ணாச்சி" என்று ஆறுதல் சொன்னேன். மகன் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போனான்.

மூன்றாம் நாள் அவரைக் கிணற்றிலிருந்து எடுத்தீர்கள். கடைசியாக என்ன பேசினார் என்றுதானே கேட்டீர்கள்? இவ்வளவுதான். ஆயிலை மாற்றியது நான். கிணற்றுக்குப் போனது அவராகப் போனது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

அந்தப் பிள்ளை கணேஷ்குமாருக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். காசு வாங்காமல் அந்த வேனின் இன்ஜினைச் சரிசெய்து, புதுப் பம்பு மாட்டினேன். கம்பெனி அனுப்புகிற அதே பம்புதான், வேறு வருவதில்லை. போன வாரத்திலிருந்து வீரசோழன் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிறான். ஆயில் நானே ஊற்றியது, முதல் தரம். இந்தத் தடவை ஆயிலை யாரும் குறை சொல்ல முடியாது.