ஒற்றைத் துடுப்பு

கிழக்கு இன்னும் வெளுக்காத நேரம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு மண் ரோடு. இருபுறமும் புதர்க்காடு, பனி பூத்த கம்பிவேலி, எதிரே ஒரு வண்டிகூட இல்லை... அந்த ரோட்டில் தனியாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தான் ஆர்லோ. நம் பக்கத்து வீட்டு லொரேனின் அண்ணன்தான். இதைச் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கிவிடும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஆர்லோவும் அவன் மனைவி டீனாவும் யூட்டா மாநிலத்தை விட்டு அங்கே குடிவந்ததற்குக் காரணம் வெஸ். டீனாவின் ஒரே தம்பி.

ஆர்லோவும் வெஸ்ஸும் மிதவையில் போய் மீன் பிடிப்பவர்கள். லாரி டியூப் மாதிரி காற்றடித்த மிதவை. நடுவே உட்கார்ந்து, காலில் மாட்டிய ரப்பர் துடுப்பை உதைக்க வேண்டும். அது பின்பக்கமாகத்தான் நகரும். முதுகுக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

யூட்டாவில் ஒருநாள், நடு ஏரியில் இருக்கும்போது காற்று கிளம்பிவிட்டது.

"ஆர்லோ! ஒரு துடுப்பு கழண்டு போச்சு... வந்து புடி!" வெஸ் கத்தினான்.

ஆர்லோவின் தூண்டிலில் அப்போதுதான் ஒரு பெரிய ட்ரவுட் மீன் சிக்கியிருந்தது. "இரு, இத இழுத்துட்டு வந்துடறேன்!"

மீனை வலையில் அள்ளிவிட்டுத் திரும்பினான். வெஸ்ஸின் மிதவை கவிழ்ந்து கிடந்தது. வெஸ் இல்லை.

டீனாவிடம் சொன்னது வேறு. "காத்துல ஒண்ணுமே கேக்கல, டீனா." அவள் நம்பினாள். அழுதுகொண்டே அவனைத் தேற்றினாள். அதுதான் அவனை அரித்தது. ஊர் மாறியும் விடவில்லை. அவனுக்குப் பழைய மிதவை ஒன்று வாங்கி வந்ததும் அவள்தான். "எத்தன நாளைக்குச் சுவத்தையே பாத்துட்டு இருப்ப? போ, தண்ணில கால வை."

முந்தின நாள் மாலை, தூண்டில் கடைக்காரி மேவிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்குப் புதுசா? நாணல் ஓரமாவே சுத்திப் பழகு. அணைப் பக்கம் ஆழம், போகாத. காத்து கிளம்புச்சுன்னா மீனாவது மண்ணாவது... நூல அறுத்துட்டுக் கரைக்கு வந்துரு."

ஆர்லோவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது, இருட்டோடு ஏரியில் இறங்கினான். தண்ணீர், ரப்பர் உடுப்பையும் தாண்டிக் கடித்தது. நாணல் ஓரமாக உதைத்தான். சேற்று வாசனை... எங்கோ ஒரு வாத்து. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் நூல் விண்ணென்று இழுத்தது. பெரிய மீன். கூடவே காற்றும் வந்தது.

நூலை அறுத்திருக்கலாம். அறுக்கவில்லை.

மீன் இழுத்த இழுப்பில் நாணல் தூரமாகிவிட்டது. பட்டென்று இடது காலின் வார் அறுந்து, துடுப்பு ஆழத்துக்குப் போனது. தூண்டிலை விட்டெறிந்துவிட்டு உதைத்தான். மிதவை ஒரே இடத்தில் சுற்றியது. அலை அவனை அணைப் பக்கம் தள்ளியது.

"யாராச்சும் இருக்கீங்களா!"

காற்று மட்டும்தான்.

அப்போது முதுகுக்குப் பின்னால்...

சளப்.

ஒரு நிறுத்தம்.

சளப்.

ஒற்றைக் காலால் உதைக்கிற சத்தம். புதினா கலந்த புகையிலை வாசனை. வெஸ் எந்நேரமும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பானே, அதே வாசனை. மிதவையின் முதுகுச் சாய்மானத்தை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. மிதவை கரைப் பக்கம் நகர்ந்தது. சளப்... சளப்... ஆர்லோ திரும்பவில்லை. "கேட்டுச்சு, வெஸ்... நீ கூப்பிட்டது கேட்டுச்சு" என்று மட்டும் அழுதான்.

காலில் மண் தட்டியது. எழுந்து திரும்பினான். கரையில் ஆள் இல்லை.

வீட்டுக்குப் போய் ஈரத்தோடு நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டீனா கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"உன்னக் கரை சேத்தானா?"

"சேத்தான்."

"எங்கிட்ட ஒரு தடவகூட வரலையே..."

மறுநாள் விடியுமுன் அவள்தான் அவனை எழுப்பினாள். கையில் புதுத் துடுப்பு.

"கெளம்பு."

"டீனா, வேணாம்..."

"உங்கிட்டத்தான வர்றான். நான் பாக்கணும்."

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் ஏது?

அன்று காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆர்லோ கரையைப் பார்த்தபடியே உதைத்து உதைத்து விலகினான். கரையில் டீனா, மேல்கோட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். திடீரென்று கையைத் தூக்கி ஆட்டினாள். அவனும் ஆட்டினான்.

அவள் பார்வை அவன்மேல் இல்லை. அவன் தோளைத் தாண்டி... பின்னால். அவள் சிரித்தாள். பிறகு, போதும் என்பதுபோல மெல்லத் தலையை அசைத்துவிட்டு, வண்டியை நோக்கி நடந்தாள்.

ஆர்லோ உதைப்பதை நிறுத்தினான். முதுகுக்குப் பின்னால் அணைதான் இருந்தது.

மிதவை நிற்கவில்லை.