சீதனத்துக்கு வந்த சென்டர் போர்வேட்

தேத்தண்ணிக்குச் சீனி குறைவாகப் போட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, எனக்குச் சீனி வருத்தம். வீட்டிலும் மனைவி மாக்கிறட் இப்படித்தான் போடுகிறாள். உதைபந்தாட்ட லீக் விசாரணை என்றதும் ஏதோ பொலிஸ் நிலையம் மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டு வந்தேன். நீங்கள் என்னவென்றால் கதிரை தந்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறீர்கள். மரியாதைக்கு மரியாதையாக நானும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அந்தோனிமுத்து. பேசாலையில் இரண்டு படகு வைத்துத் தொழில் செய்கிறேன். சோளகம் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவரும் நானே, பயிற்றுநரும் நானே. அரிப்பு ஊரின் கொண்டல் கழகத்து ஜெனோஜனை நான் காசு கொடுத்து வாங்கினேன் என்பது குற்றச்சாட்டு. அதை முற்றாக மறுக்கிறேன். ஆளைக் காசுக்கு வாங்குவது எனக்கு அருவருப்பான காரியம். தொலைக்காட்சியில் பார்க்கிறோம்தானே, ஐரோப்பாவில் பெற்ற பிள்ளைகளைக் கரையில் மீனை ஏலம் கூறுவது போலக் கூறி விற்கிறார்கள். அந்த அசிங்கம் எங்கள் கரைக்கு வரக்கூடாது என்று லீக் கூட்டத்தில் எழுந்து பேசியவன் நான்தான். நீங்களும் கை தட்டினீர்கள்.

சண்டை ஓய்ந்து ஊர்கள் மறுபடி நிரம்பத் தொடங்கிய காலம் அது. வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு காசு அனுப்ப, கழகங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வான் வண்டிகளில் வீரர்களைக் கொண்டுவந்து இறக்கின. அதை நிறுத்த நீங்கள் ஒரு விதி போட்டீர்கள். ஒருவன் தன் சொந்த ஊருக்கோ, கலியாணம் கட்டிக் குடியிருக்கும் ஊருக்கோ மட்டும்தான் விளையாடலாம். நல்ல விதி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் விதியை வாசித்த உடனேயே எனக்கு என் மூத்த மகள் டிலானியின் ஞாபகம் வந்தது. பொறுப்புள்ள எந்தத் தகப்பனுக்கும் வந்திருக்கும்.

ஜெனோஜன் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவன். தாய் றோசம்மாவோடும் தங்கை பிரஷாந்தியோடும் அரிப்புக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்தான். முகாமில் வெறுங்காலோடு விளையாடிப் பழகியவன் என்பதால் பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டே வரும். எங்களுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டான். நாலாவதுக்கு என்னை அறியாமலே நானும் கை தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து மாக்கிறட்டிடம் சொன்னேன்.

“டிலானிக்கு ஒரு நல்ல இடம் பாத்திருக்கிறன்.”

“பெடியன் என்ன செய்யிறான்?”

“ரெண்டு காலாலயும் கோல் போடுறான்.”

ஒரு சின்னத் தடைதான் இருந்தது. அதன் பெயர் அருள்நேசன். என் அக்கா திரேசம்மாவின் மகன். எங்கள் கழகத்தின் இடதுபக்கப் பின்கள வீரன். அவனுக்கும் டிலானிக்கும் சின்ன வயதிலிருந்தே விருப்பம். முறைக்காரர், ஊருக்கே தெரிந்த விஷயம். தங்கமான பிள்ளை, எனக்கும் அவனில் உயிர். ஆனால் எதிராளி கிட்ட வந்தால் பதறுவான். பதறினால் நிமிர்ந்து எங்கள் கோல்காப்பாளன் யோசேப்பின் முகத்தைத் தேடுவான். தேடிப் பிடித்துப் பந்தை அவனுக்குத் தட்டிவிடுவான். தட்டுவது என்றுதான் பெயர், அது ஓர் உதை. யோசேப்பின் கால்களுக்கு இடையால் பந்து வலைக்குள் போய்விடும். சோளகத்தின் வலைக்குள் அதிகம் கோல் போட்டவன் சோளகத்து அருள்நேசன்தான். மாமனாக அவனை மன்னிக்கலாம், பயிற்றுநராக முடியவில்லை.

றோசம்மாவிடம் பெண் கொடுக்கும் கதையை எடுத்தபோது அவள் அழுதுவிட்டாள்.

“மகனையும் உங்கட ஊருக்குத் தந்திட்டு நாங்கள் ரெண்டு பொம்பிளையள் என்னண்ணை செய்யிறது? இவளுக்கும் ஒரு வழி வேணும். மாற்றுக் கலியாணம் எண்டால் சொல்லுங்கோ, ஓம் எண்டுறன்.”

மாற்றுக் கலியாணம் எங்களுக்குப் புதிதல்ல. அந்த வீட்டு ஆண்பிள்ளை எங்கள் பெண்ணுக்கு, எங்கள் வீட்டு ஆண்பிள்ளை அந்த வீட்டுப் பெண்ணுக்கு. ஐரோப்பாவிலும் ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்கள். பூசையும் ஆசீர்வாதமும் மட்டும் அங்கே இல்லை. அந்தக் கொட்டில் வாசலில் நின்றபடியே எனக்குக் கணக்குச் சரிவந்தது. ஜெனோஜன் எங்களுக்கு வருவான், அருள்நேசன் பின்னால் தட்டும் வியாதியோடு கொண்டலுக்குப் போவான். டிலானிக்குச் சீதனமாகப் புதுப் படகும் எஞ்சினும் கொடுத்தேன். பிரஷாந்திக்காக றோசம்மாவின் வளவில் ஒரு கல்வீடும் கட்டிக் கொடுத்தேன். இதைக் காசு என்று நீங்கள் சொல்லக்கூடாது. இது சீதனம்.

மிச்சம் இருந்தது பிள்ளைகளின் சம்மதம். டிலானியிடம், “நேசன் அரிப்புப் பெட்டையைக் கேட்டிருக்கிறான், நீ மனசை விட்டிடாத பிள்ளை” என்றேன். அருள்நேசனிடம், “டிலானிக்கு ஜெனோஜனில விருப்பமாம், உன்னட்டச் சொல்ல வெக்கப்படுறாள்” என்றேன். இரண்டும் நல்ல வளர்ப்பு. ஒருவரை ஒருவர் போய்ச் சங்கடப்படுத்தவில்லை. திரேசம்மா அக்காவிடம், இவ்வளவு நெருங்கின சொந்தத்துக்குள் கட்டத் திருச்சபை அனுமதி தராது என்று சொன்னேன். நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் தந்துவிடுவார்கள் போலிருந்தது.

டிலானி சரியாகச் சாப்பிடவில்லை என்று மாக்கிறட் கவலைப்பட்டாள். எனக்குத் தவக்காலத்தை நினைத்துத்தான் கவலை. தவக்காலம் தொடங்கினால் கோவிலில் கலியாணம் கிடையாது. உங்கள் போட்டியோ உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு தொடங்குகிறது. கலியாணத்துக்குமுன் மூன்று ஞாயிறு பூசையில் கலியாண ஓலை வேறு வாசிக்கவேண்டும். ஐரோப்பாக்காரருக்கும் ஆள் மாற்ற ஒரு காலக்கெடு உண்டு என்கிறார்கள். எங்களுடைய கெடுவைக் கடவுளே வைத்திருக்கிறார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின கிழமை ஒரே பீடத்தில் இரண்டு கலியாணத்தையும் முடித்தேன். டிலானி அழுதாள், மணப்பெண்கள் அழுவது வழமை. அருள்நேசனும் அழுதான். மாப்பிள்ளை அழுவது கொஞ்சம் புதிதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

இனி என் பக்கத்துப் பிழையைச் சொல்கிறேன். ஒரேயொரு பிழைதான். சென்டர் போர்வேட்டை மருமகனாக எடுத்தால், பிறகு அவன் மருமகன் என்பதை நான் யோசிக்கவில்லை.

மாக்கிறட் நண்டு, இறால், கணவாய் என்று சமைத்துத் தள்ளினாள். தவக்காலம் முழுக்க நாங்கள் இறைச்சியை ஒறுத்தோம், அவனோ கடலையே காலி செய்தான். உயிர்ப்புக்குப் பிறகு சொந்தக்காரர் வீடு வீடாக விருந்துக்குக் கூப்பிட்டார்கள். முகாமில் வரிசையில் நின்று சாப்பிட்ட பிள்ளையின் தட்டை யார் பறிப்பது? எனக்கும் மனம் வரவில்லை. முதல் ஆட்டத்துக்கு அவனுடைய ஜேசி வயிற்றுக்கு மேல் நின்றுவிட்டது. மற்றப் பெடியன்களை நான் எருமை, மாடு என்று ஏசித்தான் ஓடவைப்பேன். மருமகனை அப்படி ஏச முடியுமா? கோட்டுக்கு வெளியே நின்று, “தம்பி, ஏலுமெண்டால் கொஞ்சம் ஓடுங்கோவன்” என்பேன். “ஓம் மாமா” என்பான் பணிவாக. பிறகு நடப்பான். அவனை வெளியே எடுத்தால், ஊர் பார்த்திருக்க மருமகனைக் குந்தவைத்த மாமன் என்ற பெயர் வரும். மாக்கிறட் வேறு குடையோடு வந்து, “வெயிலுக்க பிள்ளையை ஓடவிடாதேங்கோ” என்று எனக்கு உத்தரவு போடுவாள்.

இருந்தும் இறுதிப் போட்டிக்கு வந்தோம். மற்றப் பத்துப் பேரும் ஓடினார்கள். எங்கள் ஆளே எங்கள் வலைக்குள் கோல் போடும் தொல்லையும் தீர்ந்திருந்தது. எதிரே நின்றது கொண்டல். ஆட்டம் முடியும் தறுவாயில் சமநிலை. அவர்களுக்கு ஒரு கோணர் உதை கிடைத்தது, அருள்நேசனும் முன்னால் வந்து நின்றான். பந்து அவன் காலடியில் விழுந்தது. எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள், அவன் பதறினான். பதறி நிமிர்ந்து, இத்தனை வருடமும் பதறும்போதெல்லாம் தேடிய முகத்தைத் தேடினான். யோசேப் நேர் எதிரே நின்றான். யோசேப்பும் பழக்கதோஷத்தில் “விடு நேசன், நான் பாக்கிறன்” என்றான். அருள்நேசன் தட்டிவிட்டான். யோசேப்பின் கால்களுக்கு இடையால் பந்து வலைக்குள் போனது. அந்தக் கோலை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அது அவர்களுக்குச் சேர்ந்தது.

அரிப்புப் பெடியன்கள் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். அவனோ எங்கள் கோல் கம்பத்தடியில் குந்தி, தலையில் கை வைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா” என்றான், வழமை போலவே. அப்போதுதான் டிலானி மைதானத்துக்குள் நடந்து வந்தாள்.

“ஏன் மச்சான் அழுறீங்கள்? நீங்கள் கேட்டுப் போன ஊர்தானே வெண்டிருக்கு.”

“நான் கேட்டனானோ? நீயெல்லோ ஜெனோஜனை விரும்பினனீ. மாமா சொன்னவர்.”

பிரஷாந்தி அங்கே நின்றாள், ஜெனோஜனும் நின்றான். நாலு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மத்தியஸ்தரிடம் ஓப்சைட் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமா, இது உண்மையோ?” என்று ஜெனோஜன் கேட்டான்.

“உண்மைதான் தம்பி. ஆனால் அந்தக் கோணருக்கு நீங்கள் பின்னால வந்து நிண்டிருக்கவேணும்.”

மருமகனிடம் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு டிலானி என்னோடு கதைப்பதில்லை. சோறு வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். கோவிலில் கட்டிய முடிச்சை இனி யாரும் அவிழ்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். முறைப்பாடு கொடுத்தது அவள்தான் என்று நீங்கள் சொன்னபோது, இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னைப் பற்றி வாய் திறந்திருக்கிறாளே என்று ஒரு சந்தோசம் கூட வந்தது. “எங்கட அப்பா என்னை வித்துப்போட்டார்” என்றாளாம். கேட்டதும் நெஞ்சு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அது பிழையான தகவல். விற்றால் காசு உள்ளே வரவேண்டும். என் கையிலிருந்து படகும் எஞ்சினும் வீடும் போனதே தவிர, ஒரு சதம் வரவில்லை.

ஆகவே இப்படிப் பதியுங்கள். நாலு பிள்ளைகளையும் பொய் சொல்லி இடம் மாற்றியவன் நான்தான். தெரிந்தே செய்தேன், தனியாகவே செய்தேன். ஆனால் விளையாட்டில் காசைக் கலக்கவில்லை.

கேட்பதற்கு வேறொன்றும் இல்லையென்றால் நான் எழும்பலாமா? வங்காலையிலிருந்து ஒரு வீட்டார் வருகிறார்கள். பெடியன் நல்ல உயரம், கோல்காப்பாளன். யோசேப்புக்கும் வயது போய்விட்டது. செய்த பிழையைத் திரும்பச் செய்யக்கூடாது என்று, இந்தத் தடவை மாப்பிள்ளைக்கு மரக்கறிச் சாப்பாடுதான் என மாக்கிறட்டிடம் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என் இளையவள் றெபேக்காவுக்கு இதில் முழுச் சம்மதம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.