வாசலில் கல் உண்டா?

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் உறவுக்காரர்கள் இருவர். சின்னவர் வாடகை சைக்கிளில் ஓட்டப் பழகி ஒரு மாதம்தான் ஆகிறதாம். சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறார். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. அவர்கள்தான் உரக்கப் பேசினார்கள்.

“கியர் வெச்ச இங்கிலீசு வண்டிதான் வேணுமுங்க மச்சா. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறப்ப, அவங்க ஊட்டு வாசல்ல சைக்கிள்லயே போயி எறங்கோணும்.”

“வாங்கலாமுங்க மாப்ள. ஆனா நீங்க இன்னும் மைல்கல்லுல காலூனித்தான ஏறி எறங்கறீங்க?”

“ரோட்டோரம் பூராக் கல்லு இருக்குதல்லங்க?”

“பொண்ணூட்டு வாசல்ல?”

திருப்பூரில் இறங்கும்போதுதான் சின்னவர் மெல்லக் கேட்டார்.

“வாசல்ல ஆட்டாங்கல்லு கெடக்குமுங்களா மச்சா?”

“கெடக்குமுங்க. பொண்ணு அதுல மாவாட்டீட்டு இருக்கும், பாத்துக் கால வெய்யுங்க.”